காகிதத்தின் க்ஷேமம்



துணை மின்நிலையத்தில் உன் பொறுப்பில் விடப்பட்ட டிரான்ஸ்பார்மர் உன்னைவிட வயதில் மூத்தது என்றும், அது இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை அறியும் மார்க்கம் என்ன என்றும் கேட்டு எழுதியிருந்தாய்.

வயதைக் கொண்டு அதைச் சொல்ல இயலாது. எண்ணெய் கெட்டால் வடிகட்டலாம், மாற்றியும் விடலாம். செம்புக் கம்பியின்மேல் அடுக்கடுக்காய்ச் சுற்றிய காகிதத்தையோ, சுருளையே பிரித்தாலன்றி மாற்ற வழியில்லையாதலால், டிரான்ஸ்பார்மரின் ஆயுள் என்பது அந்தக் காகிதத்தின் ஆயுளேயாகும். கண்ணுக்கு மறைவாய்க் கிடக்கும் அதன் க்ஷேமத்தை எண்ணெயிடம்தான் விசாரித்தறிய வேண்டும்.

காகிதத்தைக் கெடுக்கும் ஈரம் காற்றோடு உள்ளே புகாமல் காக்கும் பிரீதரைத் தினமும் பார். நீல சிலிகா ஜெல் அடியிலிருந்து மேல்நோக்கி வெளிர்சிவப்பாவது இயல்பு. மேலிருந்து நிறம் மாறினால், மேற்புறத்து இணைப்பில் எங்கோ ஈரக் காற்று புகுகிறதென்று அர்த்தம்.

என் உத்தியோக காலத்தில் நேர்ந்த ஒரு பிழையை உனக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு டிரான்ஸ்பார்மரின் எண்ணெயை வெற்றிட யந்திரத்தில் இரண்டு நாள் வடிகட்டிவிட்டு, அதற்குப் பிறகே மாதிரி எடுத்தோம். 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் அது 60 கிலோவோல்ட்டுக்குமேல் தாங்கியது கண்டு சந்தோஷப்பட்டோம். மின்பொறி தோன்றியதைக் காட்டும் அசிட்டிலீனும், மிகுந்த சூட்டைக் காட்டும் எத்திலீனும், காகிதம் வெந்ததைச் சொல்லும் கார்பன் மோனாக்சைடும் ஆகிய, எண்ணெயில் கரைந்திருந்த வாயுச் சாட்சிகளை யந்திரம் உறிஞ்சிக்கொண்டதை நாங்கள் சிந்திக்கவில்லை. சில மாதங்களில், வெளியே லைனில் நேர்ந்த ஒரு ஷார்ட் சர்க்யூட்டின் அதிர்ச்சியைப் பொறாமல் சுருள் பழுதாயிற்று. தொட்டியைத் திறந்து, கரும்பழுப்பேறிய காகிதத்தில் ஒரு துண்டை எடுத்து மடித்தேன்; மடித்த இடத்திலேயே முறிந்தது. புதுக் காகிதமாயின் பலமுறை மடித்தாலும் எளிதில் முறியாது.

ஆகையால் வடிகட்டுவதற்கு முன்பே மாதிரி எடு. வாயுக்களோடு, காகிதம் சிதையும்போது எண்ணெயில் கலக்கும் பியூரான் வகைப் பொருள்களையும் அளக்கச் சொல். ஒரு தடவைக் கணக்கை நம்பாதே. சென்ற அறிக்கைக்கும் இதற்கும் உள்ள ஏற்றத்தையே பிரதானமாய்க் கவனி.

மழைத் தூறலில் பாட்டிலைத் திறவாதே. வால்வில் தேங்கிய எண்ணெயை முதலில் ஓடவிட்டு, பாட்டிலை அதே எண்ணெயால் அலம்பிய பின்பே நிரப்பு. சூடேறினால் காகிதம் தன் ஈரத்தை எண்ணெய்க்குக் கொடுத்து, ஆறினால் திரும்ப வாங்கிக்கொள்வதால், எடுத்த வேளையின் எண்ணெய்ச் சூட்டையும் லோடையும் சீட்டில் எழுதிப் பாட்டிலின்மேல் அப்போதே ஒட்டிவிடு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா