மார்ச் 31-க்கு முன்: வீட்டில் பார்த்துக்கொள்ளும் செலவும் வருமான வரியும்

2025-26 நிதியாண்டு முடியச் சில வாரங்களே இருக்கின்றன. அலுவலகங்கள் சான்றுகளைக் கேட்கத் தொடங்கிவிட்டன. கொத்தமங்கலத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று ஆச்சியும் துணைக்கு ஓர் ஆளும்தான். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ சம்பளத்தில் இருக்கிறார்கள். காரைக்குடி டாக்டர், மருந்து, ஆள் சம்பளம் எல்லாம் அவர்கள் அனுப்பும் பணத்தில் நடக்கிறது. இதில் எது வரியில் கழியும், எது கழியாது என்று இப்போதே பிரித்து வைத்துவிடுங்கள்.

முதலில் எந்த வரிமுறை என்று பாருங்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் செய்யும் செலவுக்கான கழிவுகள் பழைய முறையில் மட்டுமே உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறையில்தான் பிடிப்பார்கள். அதில் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் வரை வரி இல்லை என்பதால், அந்த வரம்புக்குள் இருப்பவர்கள் வரிக்காக ரசீது தேடி அலைய வேண்டாம். அதற்கு மேலே இருப்பவர்கள் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சம்பளம் 16 லட்சம் என்று வையுங்கள். புதிய முறையில் வரி 1,13,100 ரூபாய். பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, சேமிப்பு 1.5 லட்சம், தனக்கும் பெற்றோருக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு 75,000, கடும் ஊனமுள்ள ஒருவருக்காக 1.25 லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம் எல்லாவற்றையும் கழித்தாலும் 1,17,000 வருகிறது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இன்னும் 50,000 போட்டிருந்தால் அது 1,06,600 ஆகும். அப்போதுதான் பழைய முறை லாபம். படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்பது எந்த முறையிலும் ஒரே பாரம்தான். புதிய முறைக்குப் போனவருக்கு அந்தக் கழிவை மறுப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

நம் ஊரில் பலர் கோராமல் விடுவது 80டிடி பிரிவு. உங்களை நம்பியிருக்கும் கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தவர் இவர்களில் ஒருவருக்கு 40 சதவீதம் ஊனம் இருந்தால் 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் கழியும். அவருக்காகச் செலவு செய்திருக்க வேண்டும். ஆனால் செலவு எவ்வளவானாலும் கழிவு இதே தொகைதான். பக்கவாதம் வந்து கைகால் விழுந்த ஆச்சியை யாரும் மாற்றுத்திறனாளி என்று எண்ணுவதில்லை. ‘வயசாயிருச்சு’ என்று விட்டுவிடுகிறோம். சான்றிதழ் இருந்தால் அவருக்கும் இது பொருந்தும். அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும். சிவகங்கையிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முகாம் நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். படுத்திருப்பவரை வீணாக அலைக்கழிக்க வேண்டாம். ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று இன்றே பாருங்கள். காலாவதியாகியிருந்தால் மறுமதிப்பீடு செய்யாமல் கழிவு கிடைக்காது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு 10-ஐஏ படிவமும் தேவை. வெளிநாட்டில் குடியிருக்கும் பிள்ளைகளால் இந்தக் கழிவைக் கோர முடியாது.

வரி கட்டாத குடும்பத்துக்கும் இந்தச் சான்றிதழ் உதவும். கடும் ஊனம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட சில வகையினருக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது.

பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்கு 80டி. அறுபது வயதைக் கடந்தவர்கள் என்றால் 50,000 வரை கழியும். காப்பீடே எடுக்காத மூத்தவர்களுக்கு டாக்டர், மருந்துச் செலவையே அதே வரம்புக்குள் காட்டலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. மருந்துக்கடைக்காரருக்கு ஆச்சி முந்தானையில் முடிந்து வைத்த நோட்டை எடுத்துக் கொடுத்தால் அந்த பில் வரிக்கு உதவாது. மகன் தன் கணக்கிலிருந்து ஜிபே செய்தால் உதவும். முழு உடல் பரிசோதனைக்கு மட்டும் 5,000 வரை ரொக்கமும் ஏற்பார்கள். மாமனார், மாமியாருக்குக் கட்டியது மருமகன் கணக்கில் சேராது; மகள் தன் வருமானத்திலிருந்து கட்டித் தன் கணக்கில் காட்டட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. விலைக்கு அஞ்சி பாலிசியை விட்டவர்கள் மறுபடி விசாரிக்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் கல்விக் கட்டணம் மட்டும் 80சி-யில் வரும். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. மழலையர் பள்ளியும் சேரும். வேன், சீருடை, நன்கொடை சேராது. குழந்தைகள் காப்பகத்துக்கும் வீட்டு ஆள் சம்பளத்துக்கும் நம் சட்டத்தில் தனிக் கழிவு இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது உண்டு. தம்பதி இருவரும் வேலைக்குப் போவதற்காக 13 வயதுக்குட்பட்ட குழந்தையைக் காப்பகத்தில் விட்டால், ஒரு குழந்தைக்கு 3,000 டாலர், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 6,000 டாலர் வரையான செலவில் 20 முதல் 35 சதவீதம் வரியிலேயே குறையும். 2025-ஆம் ஆண்டுக் கணக்கை ஏப்ரல் 15-க்குள் 2441 படிவத்தோடு கொடுக்க வேண்டும். காப்பகத்தின் வரி எண்ணை இப்போதே வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.

அலுவலகத்துக்குச் சான்று கொடுக்கும் தேதி தவறினாலும் கவலை வேண்டாம். வரிக் கணக்கில் கோரலாம். அலுவலகத்தில் புதிய முறை என்று சொல்லியிருந்தாலும் சம்பளக்காரர்கள் கணக்கில் பழைய முறைக்கு மாறலாம். ஆனால் கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான் அந்த உரிமை நிற்கும். ஏப்ரல் 1, 2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது, பிரிவு எண்கள் மாறுகின்றன. இந்த ஆண்டுக் கணக்குக்கு மேலே சொன்ன பழைய எண்களே செல்லும்.