இன்ஜின் சூடானால் முதலுக்கே மோசம்

சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள் டீசல் விலையையும் டயர் தேய்மானத்தையும் கணக்குப் பார்க்கிறார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்பதை மட்டும் ஓட்டுநர் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். சில நூறு ரூபாய் கூலண்ட் ஊற்றாமல் விட்டதால் இன்ஜின் வேலைக்குப் பல ஆயிரம் அழ நேரிடுகிறது. ஏற்றி வந்த தக்காளியும் நடுவழியில் அழுகுகிறது. ஆகவே இன்ஜினைக் குளிரவைக்கும் அமைப்பு எப்படி வேலை செய்கிறது, அதை எப்படிப் பராமரிப்பது என்பதை வண்டிச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சூடு எங்கிருந்து வருகிறது?

சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும் அந்த நொடியில் வெப்பம் 2,000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் உருகுவதோ 660 டிகிரியில். எரிபொருளின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மீதியில் பெரும்பகுதியை வெளியேற்றுவது குளிர்விக்கும் அமைப்பின் வேலை.

மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் மேல் காற்றுப் பட்டாலே போதும். காருக்கும் சரக்கு வண்டிக்கும் அது போதாது, தண்ணீர் வேண்டும்.

தண்ணீர் சுற்றும் பாதை

வாட்டர் பம்பு கூலண்ட் கலந்த நீரை இன்ஜின் பிளாக்கிலும் சிலிண்டர் ஹெட்டிலும் உள்ள பாதைகளில் தள்ளுகிறது. சூட்டை வாங்கிக்கொண்ட நீர் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் ஓடும்போது, வெளியே படும் காற்று சூட்டை எடுத்துக்கொள்கிறது. ஆறிய நீர் மறுபடி பம்புக்குப் போகிறது. வண்டி மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் காற்றை இழுத்துத் தருவது ஃபேன்.

இடையில் காவல்காரனாக நிற்பது தெர்மோஸ்டாட். இதனுள் ஒரு வகை மெழுகு இருக்கிறது. நீர் ஏறக்குறைய 80 முதல் 90 டிகிரி வரும்போது மெழுகு விரிந்து கதவைத் திறக்கும். அதுவரை நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். இன்ஜின் சீக்கிரம் உரிய சூட்டுக்கு வந்தால்தான் எரிபொருள் சிக்கனம், தேய்மானமும் குறைவு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, பிரஷர் குக்கர் வெயிட் செய்யும் வேலையைச் செய்கிறது. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், உள்ளே சுமார் 15 பவுண்டு அழுத்தம் இருந்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வாசர் கெட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். உதகை போன்ற உயரமான இடத்தில் திறந்த தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பாரத்தோடு மலை ஏறும் வண்டிக்கு நல்ல மூடி அவசியம்.

கூலண்ட் எதற்கு?

கூலண்டில் முக்கியப் பொருள் எத்திலீன் கிளைக்கால். இது கொதிநிலையைச் சற்று உயர்த்துகிறது. அதைவிட முக்கியம், இதில் சேர்த்துள்ள மருந்துகள் துருவைத் தடுக்கின்றன. போர் தண்ணீரை ஊற்றினால், வெந்நீர் அண்டாவின் அடியில் படிவது போல் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுவதே சரி. கலந்தே வரும் கூலண்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், ஒரு வகையோடு மற்றொன்றைக் கலக்கவும் வேண்டாம். எந்த வகை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை வண்டியோடு தந்த கையேட்டில் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், ஆனால் இனிக்கும். மிச்சமானதைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கடையில் வைக்காதீர்கள். குழந்தையோ கடைப் பையனோ எடுத்துக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

இருப்புப் பாருங்கள்

இது மூடிய அமைப்பு. நல்ல நிலையில் உள்ள வண்டியில் கூலண்ட் அடிக்கடி குறையக் கூடாது. கடையில் இருப்பு குறைந்தால் காரணம் கேட்கிறோம் அல்லவா? இங்கும் அப்படியே கேட்க வேண்டும். எந்தத் தேதியில் எவ்வளவு ஊற்றினோம் என்று வண்டி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வாரா வாரம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. வெளியே ஈரம் தெரியாமல் குறைந்து, புகைக்குழாயில் வெள்ளைப் புகை நில்லாமல் வந்தாலோ, இன்ஜின் ஆயில் பால் கலந்த காப்பி போல் இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்குமேல் ஒரு லோடுகூட அடிக்காமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வழியில் சூடானால்

மீட்டர் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஓரமாக ஒதுக்கி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அரை மணி நேரமாவது ஆறட்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். மின்சார ஃபேன், இன்ஜின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும், கையை விடாதீர்கள். நீர் முழுவதும் ஒழுகிவிட்டால் மீட்டர் சூட்டைச் சரியாகக் காட்டாமலும் போகலாம். முள் இறங்கிவிட்டது என்று நம்பி ஓட்டக் கூடாது.

"இன்னும் பத்து கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவதில்தான் ஹெட் வளைகிறது, பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது. சாதாரண மோட்டார் இன்சூரன்சில் இயந்திரப் பழுதுக்கு நஷ்டஈடு கிடையாது. செலவு முழுவதும் நம் கையிலிருந்துதான். ஆகவே, சூடானால் நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லும் ஓட்டுநரைத் தாமதத்துக்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பலர் நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள்.

நினைவில் வைக்க

தினமும்: வண்டி ஆறியிருக்கும் காலை நேரத்தில் கூலண்ட் அளவு, வண்டிக்கு அடியில் ஈரம்.

மாதம் ஒருமுறை: ஹோஸ்களில் வெடிப்பு, உப்பல். கிளிப்புகளின் இறுக்கம். பெல்ட்டில் தளர்ச்சி, கீறல். ரேடியேட்டர் தகடுகளில் சேர்ந்த தூசி, வைக்கோல். கழுவும்போது தகடு வளையாதபடி மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும்.

எப்போதும்: ரேடியேட்டருக்கு முன்னால் போர்டு, தார்ப்பாய் எதையும் தொங்கவிட்டுக் காற்றை மறைக்கக் கூடாது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றக் கூடாது. பாரம் கூடினால் சூடும் கூடும்.