அந்த ஏடிஎம் கார்டு யாரிடம் இருந்தது?

ஜீவனஹள்ளி,
பெங்களூரு.

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கதையைப் படித்தேன். நம் ஏரியாவை நன்றாகவே கொண்டுவந்திருக்கிறாய். காக்ஸ் டவுன் மார்க்கெட் வருகிறது, ஈஸ்ட் ரயில்வே ஸ்டேஷன் வருகிறது. வீட்டு ஓனர் கன்னடத்தில் வாடகை கேட்க, உன் கதாநாயகி பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகச் சமாளிக்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

முடிவில்தான் உன்னோடு எனக்குச் சண்டை. கார்மெண்ட்ஸில் தையல் வேலைக்குப் போகிறவள், குடித்துவிட்டு வந்த புருஷனை ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டு, ராத்திரி ஸ்டேஷனைப் பார்த்து நடக்கிறாள். முற்றும். உன் சிநேகிதர்கள் கைதட்டியிருப்பார்கள். நான் கேட்பது வேறு. அவளுடைய ஏடிஎம் கார்டு யாரிடம் இருந்தது?

சும்மா கேட்கவில்லை. சம்பளம் இப்போது பேங்கில் விழுகிறது. கணக்கு அவள் பெயரில், கார்டு அவன் சட்டைப் பையில், பின் நம்பர் இரண்டு பேருக்கும் தெரியும், ஆனால் மெஷினுக்குப் போவது அவன் மட்டும். இப்படிப்பட்ட வீடுகளை நீயும் பார்த்திருக்கிறாய். அவள் விட்ட அறையில் அவள் கோபம் தெரியும். வீட்டில் அதிகாரம் எப்படி நடந்துவந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கார்டைத்தான் காட்ட வேண்டும். பணம் யார் கையில், யார் சாப்பிட்டு எழுந்த பிறகு யார் உட்காருவது, கதவைச் சாத்திக்கொள்ள யாருக்கு உரிமை, யாருடைய பதிலுக்காக யார் காத்திருப்பது. கதை எழுதுகிறவன் இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எழுத வேண்டும் என்றுகூட இல்லை, தெரிந்திருந்தால் போதும்.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகர’த்தை எடுத்துப் படி. 1934இல் வந்தது, நாலைந்து பக்கம்தான். உன்னுடையவளைப் போலவே அதில் வரும் அம்மாளுவும் வேலைக்குப் போகிறவள், மில்லில் கூலி. புருஷன் முருகேசன் குதிரை வண்டிக்காரன். குடித்துவிட்டு வண்டியை ஓட்டி அடிபட்டுப் படுத்துக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. அவள் இருட்டுச் சந்துக்குப் போய் முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டு வருகிறாள். அவ்வளவுதான் கதை. அவள் ஒரு வசனமும் முழங்குவதில்லை. அந்த முக்கால் ரூபாய் என்ற தொகையைச் சொல்லாமல் ‘கொஞ்சம் பணம்’ என்று அவர் எழுதியிருந்தால் கதை பாதி செத்திருக்கும். கற்பைப் பற்றி ஊர் பேசுகிற பேச்செல்லாம் அந்தச் சில்லறைக்கு முன்னால் வந்து நிற்கிறது.

‘துணிச்சலான பெண்’ நமக்குப் புதிதும் அல்ல. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திலேயே, 1879இலேயே, ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் ஓர் ஊருக்கு ராஜாவாகி ஆள்கிறாள். எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர், பெண் கல்விக்காக வாதாடியவர். அவர் மனசு பெரியதுதான். ஆனாலும் சிம்மாசனத்தில் உட்கார அவளுக்கு ஆண் வேஷம் வேண்டியிருந்தது, பாத்தியா? வேஷம் கலைந்த பிறகு அவள் பழையபடி பிரதாபனின் மனைவி. உன் கதாநாயகி அடிக்கிற அறைகூட ஏதோ சினிமாக் கதாநாயகனிடம் வாங்கின இரவல் மாதிரிதான் எனக்குப் பட்டது. அவள் கை இல்லை அது.

நீ நிதானமாகப் பாடம் படிக்க வேண்டியது ஜெயகாந்தனிடம். 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழை நாளில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஒரு கல்லூரிப் பெண், ஒரு கார், அதில் ஏற்றிக்கொண்டு போனவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வருகிறாள். அம்மா முதலில் பதறுகிறாள், அடிக்கிறாள். பிறகு தன்னைத் தானே அடக்கிக்கொண்டு, மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். விஷயம் வாசலைத் தாண்டவில்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். வாசகர்கள் கொதித்துப் போனார்கள், அது எப்படி ஒரு குடம் தண்ணீரில் எல்லாம் போய்விடும் என்று.

அவர் அதற்குப் பதில் கட்டுரையாக மட்டும் சொல்லி விட்டிருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது. ஒரு நாவலே எழுதினார், ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதே மழை, அதே கார், அதே பெண். ஒன்றை மட்டும் மாற்றினார்: அம்மா வாயை மூடவில்லை. அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைக்கிற மாமாவே அவளைத் தின்னப் பார்க்கிறார். அந்தப் பெண், கங்கா, படித்து, பெரிய வேலைக்குப் போய், கை நிறையச் சம்பாதித்தும் அந்த ஒரு நாள் அவளை விட்டுப் போகவில்லை. நாவலுக்கு 1972இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. விருது இருக்கட்டும். நீ கவனிக்க வேண்டியது அந்த மாற்றத்தை. காரில் அவளை ஏற்றினவன் இரண்டு கதையிலும் அதே ஆள், செய்தது அதே காரியம். அவள் வாழ்க்கை எந்தப் பக்கம் சாய்வது என்பது கூடத்தில் நின்ற ஒரு விதவைத் தாயின் வாயில் இருந்தது. அந்தத் தாய்க்கோ சொந்தமாக ஒரு காசு கிடையாது, மகனை அண்டியிருக்கிறவள். தன் பயத்தில்தான் அவள் கத்துகிறாள். அதிகாரம் இல்லாதவள் கையில் அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு அதிகாரம் வந்துவிடுகிறது என்று யோசித்துப் பார். உன் கதையில் மாமியார் ஒரே ஒரு வரியில் இருமிவிட்டுப் போய்விடுகிறாள். அவளை எழுப்பி உட்கார வை.

அடுத்தது அம்பை. மும்பையிலும் இந்தப் பெங்களூரிலும் வளர்ந்தவர். ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்ற கதை, அதே பெயரில் 1988இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. அஜ்மீரில் பெரிய வீடு. சமையலறை மட்டும் மூலையில், இருட்டாக. அதன் ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை. தெற்கிலிருந்து போன மருமகள் மீனாட்சி, வெளி வராந்தாவைக் கொஞ்சம் பெரிதாக்கினால் பெண்கள் மலையைப் பார்த்துக்கொண்டு உட்காரலாமே என்கிறாள். மாமனார் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. இரண்டு நாளில் அந்த வராந்தாவில் துணி உலர்த்தக் கொடிகள் கட்டப்படுகின்றன. மலை புடவைகளுக்குப் பின்னால் போய்விடுகிறது. கதையில் அந்த மாமனார் கெட்டவரும் அல்ல. நல்ல சாப்பாட்டை ரசிக்கிறவர், விருந்தாளிகளை உபசரிக்கிறவர். பெண்களோ அந்த இருட்டுச் சமையலறையின் ஆட்சி யாருக்கு என்று தங்களுக்குள் போட்டி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உன் புருஷன்காரன் குடிக்கிறான், அடிக்கிறான். அவனை வெறுப்பதற்கு வாசகனுக்கு ஒரு சிரமமும் இல்லை, உனக்கும் இல்லை. குடிக்காத, கை நீட்டாத, ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாங்கிக்கொண்டு வருகிற நல்ல மனுஷன் சட்டைப் பையில் அந்தக் கார்டு இருந்தால்? அதை எழுதத்தான் கை நடுங்க வேண்டும். நம் குடும்பத்திலேயே ஆள் இருக்கிறது, பெயர் சொல்ல மாட்டேன்.

கன்னடத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன், இந்த ஊரில் இருந்துகொண்டு அதைப் படிக்காமல் இருக்கக் கூடாது. ஹாசனைச் சேர்ந்த வழக்கறிஞர் பானு முஷ்டாக். 2025இல் ‘ஹார்ட் லேம்ப்’ தொகுப்புக்காக, மொழிபெயர்த்த தீபா பாஸ்தியோடு சேர்ந்து சர்வதேச புக்கர் வாங்கினார். அவருடைய ‘கரி நாகரகளு’ கதையைத்தான் கிரீஷ் காசரவள்ளி ‘ஹசீனா’ என்று படமாக்கினார். கணவன் கைவிட்ட பெண், நோயாளிக் குழந்தையோடு, மசூதி நிர்வாகியான முத்தவல்லியிடம் நியாயம் கேட்டு அங்கே போகிறாள். அவர் அவளைக் காக்க வைக்கிறார். அவருடைய பலமெல்லாம் அதில்தான் இருக்கிறது. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் நம் பெண்கள் நிற்பதைப் பார்த்தால் உனக்குப் புரியும்.

இன்னொரு குறை. உன் முதல் பத்தியில் அவளுடைய ஜடை, கண், ஈரப் புடவை எல்லாம் வருகிறது. புருஷனைப் பற்றி வருவது அவன் யோசனையும் அவன் கடனும். அவள் எப்படித் தெரிகிறாள் என்று எழுதுகிறாய், அவன் என்ன நினைக்கிறான் என்று எழுதுகிறாய். அறை வாங்குகிறவன் அவனானாலும் கதையின் கண் கடைசிவரை அவனுடையதுதான். ஒன்பது மணி நேரம் மெஷினில் குனிந்த முதுகோடு பஸ்ஸில் நிற்கிறவள் எதை நினைத்துக்கொண்டு வருவாள்? மாதக் கடைசியில் சீட்டுப் பணம், மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ, நாளைக்கு லைனில் சூப்பர்வைசர் என்ன சொல்வான். அங்கிருந்து ஆரம்பி, ஜடை தானாக மறந்துவிடும்.

சின்ன விஷயம் ஒன்று: அவளை ஏன் நடக்க வைத்தாய்? 2023 ஜூனிலிருந்து நம் மாநிலத்தில் சாதாரண அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அதே வருஷம் ஆகஸ்டில் ‘கிருஹலட்சுமி’யும் வந்தது. குடும்பத் தலைவியின் கணக்கில் மாதம் 2,000 ரூபாய். உன் கதைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. ரேஷன் கார்டில் தலைவி யார், மாமியாரா அவளா? மாமியார் என்றால் பணம் அவளுக்கு. முதல் தடவை பணம் விழுகிற அன்றைக்கு அந்த வீட்டில் யார் குரல் உயருகிறது, யார் திடீரென்று அன்பாகப் பேசுகிறார்கள்? எஸ்எம்எஸ் எந்த ஃபோனுக்கு வருகிறது? அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் எழுது. அறையைத் தூக்கி ஓரமாக வை, தேவைப்பட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜெயகாந்தன் இரண்டும் என் அலமாரியில் இருக்கிறது. அம்பை தொகுப்பு அடுத்த தெரு டீச்சர் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாங்கித் தருகிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி வா. மாமா அன்றைக்கு வீட்டில்தான், சமையல் அவர்தான்.

அன்புடன்,
அத்தை