தாது வருடப் பஞ்சமும் பள்ளி வரலாற்றுச் செயல்திட்டமும்: நூலக மூலங்களைக் கண்டடைவதில் சொல்லின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

உயர்நிலைப் பள்ளி மாணவர் வரலாற்றுப் பாடத்திற்கெனச் செய்யும் செயல்திட்டங்களுக்கு நூலகம் எவ்வாறு துணைநிற்க இயலும் என்பதை, 1876–78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும்பஞ்சத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மூலங்கள் இல்லாமை ஒரு தடையே. எனினும், இருக்கும் மூலங்கள் எப்பெயரால் வழங்குகின்றன என்பது அறியப்படாமை அதனினும் பெருந்தடையாக உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதனைப் பழைய நூற்பெயர்கள், அறுபதாண்டு வட்டப் பெயர்கள், மாறிய மாவட்ட எல்லைகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செயல்திட்டம், பொது நூலகம், தாது வருடப் பஞ்சம், பஞ்சக் கும்மி, சேலம் ஜில்லா, தேடுசொல்.

முன்னுரை

தமிழகப் பள்ளிப் பாடநூல்களில் சமூக அறிவியல் பாடம் ஒவ்வொன்றின் இறுதியிலும் மாணவர் செயல்பாடுகள் தரப்படுகின்றன. உள்ளூர் வரலாற்றைத் தொகுத்தல், படத்தொகுப்பு உருவாக்கல், ஓர் ஆளுமையைப் பற்றிக் கட்டுரை எழுதல் என இவை பலவகைப்படும். இவற்றின் நோக்கம் மாணவர் தாமே தேடிப் படிக்க வேண்டும் என்பது. நடைமுறையிலோ, பள்ளிக்கு அருகிலுள்ள எழுதுபொருள் கடையில் படத்தாள் வாங்கி ஒட்டுவதும், கணினி மையத்தில் அச்சிட்டு வாங்கிய இரண்டு பக்கங்களைப் பார்த்து எழுதுவதும் பெருவழக்காகிவிட்டன. இதற்கு மாணவரின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் நூலகத்திற்குச் சென்று தேடிய மாணவரும் வெறுங்கையுடன் திரும்பும் நிலை உண்டு. அந்த நிலையே இங்கு ஆய்வுப் பொருளாகிறது.

இந்தியாவில் பொது நூலகங்களுக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாகாணம் சென்னை. 1948ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் பயனாக மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்னும் அடுக்கமைவு உருவாகியது. மக்கள் செலுத்தும் நூலக வரியால் இயங்கும் இவ்வமைப்பு பெரும்பாலான மாணவருக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது. எட்டாமல் போவது நூலகக் கட்டடம் அன்று. அதனுள் இருக்கும் நூல்.

பஞ்சத்தின் பெயர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பத்தாம் வகுப்புப் பயிலும் ஒரு மாணவிக்கு 'ஆங்கிலேயர் ஆட்சியில் எம் மாவட்டத்தில் ஏற்பட்ட பஞ்சம்' என்னும் பொருள் தரப்படுவதாகக் கொள்வோம். அவர் நூலகப் பட்டியலில் 'கிருஷ்ணகிரி', 'வரலாறு', 'பஞ்சம்' என்னும் சொற்களைக் கொண்டு தேடுவார். அவருக்குத் தேவையான நூல்களில் பெரும்பாலானவை இச்சொற்களால் அகப்படா.

முதலில் ஊர்ப்பெயர். 1876இல் கிருஷ்ணகிரி மாவட்டம் என ஒன்று இல்லை. கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி, நாமக்கல், திருப்பத்தூர் ஆகிய பகுதிகள் யாவும் அன்றைய சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தன. தருமபுரி 1965இலும், கிருஷ்ணகிரி 2004இலும் தனி மாவட்டங்களாயின. ஆகவே கிருஷ்ணகிரியின் பஞ்சத்தைப் பற்றிய செய்தி சேலத்தின் பெயரில் உள்ளது. அதுவும் 'சேலம் மாவட்டம்' என்றன்றிச் 'சேலம் ஜில்லா' என்றே பழந்தமிழ் அச்சுகளில் உள்ளது.

அடுத்தது 'வரலாறு' என்னும் சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சு நூல்கள் 'சரித்திரம்' என்னும் சொல்லையே பெரிதும் ஆண்டன. மயிலாடுதுறையில் வாழ்ந்த வேதநாயகம் பிள்ளையின் புதினம் 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் பெயரில் வெளிவந்தமை அனைவரும் அறிந்தது. 1916ஐ ஒட்டி எழுந்த தனித்தமிழ் இயக்கத்தின் வழியாக ஜில்லா மாவட்டமாகவும், இலாகா துறையாகவும், சரித்திரம் வரலாறாகவும் படிப்படியே மாறின. இம்மாற்றம் தமிழுக்கு ஆக்கமே. ஆயினும் அதன் விளைவாக, 1930க்கு முந்தைய நூலடுக்கிற்கும் இன்றைய மாணவரின் சொல்வளத்திற்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்தது. அதனை நிரப்பும் பொறுப்பைப் பாடநூலும் ஏற்கவில்லை, நூற்பட்டியலும் ஏற்கவில்லை.

மூன்றாவது, பஞ்சத்தின் பெயர். ஆங்கில ஆவணங்கள் இதனை ஆண்டெண்ணால் குறிக்க, மக்கள் வழக்கு 'தாது வருஷப் பஞ்சம்' என்றே குறித்தது. அறுபதாண்டு வட்டத்தில் பத்தாவதான தாது, 1876 சித்திரையில் தொடங்கி 1877 பங்குனியில் முடிந்தது. அதனை அடுத்து வந்த ஈசுவர ஆண்டிலும் துயரம் நீடித்தது. எனவே தாது என்பதை 1876 என்று மட்டும் கணக்கிடும் மாணவர், 1877ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களுக்குரிய செய்திகளைத் தவறவிடுவர். அத்துடன், தாது 1936இலும் 1996இலும் மீண்டும் வந்த ஆண்டு. ஒரு நூலின் முகப்பில் 'தாது வருஷம்' என்று மட்டும் அச்சிடப்பட்டிருப்பின் அது எந்தத் தாது என்பதைத் தாள், எழுத்துரு, அச்சகப் பெயர் ஆகியவற்றைக் கொண்டே துணிய வேண்டும். பள்ளி மாணவர்க்கு இது கடினம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வரலாற்றறிஞர் செய்யும் முதல் வேலையே இதுதான். பத்தாம் வகுப்பில் அதனை ஒருமுறை செய்து பார்ப்பது பாடநூலின் பல பக்கங்களுக்கு நிகராகும்.

இவற்றோடு க்ஷாமம், கருப்பு, வற்கடம் என்னும் சொற்களும் பஞ்சத்தையே குறிப்பன. இறையனார் அகப்பொருள் உரையில் பாண்டிய நாட்டைத் தாக்கியதாகச் சொல்லப்படும் பன்னீராண்டு வற்கடம் தமிழ் மாணவர் அறிந்ததே. நிவாரணம் குறித்துத் தேடுவோர் 'கஞ்சித்தொட்டி' என்னும் சொல்லையும் அறிந்திருத்தல் வேண்டும். பஞ்ச காலத்தில் வேதநாயகம் பிள்ளை பசித்தோர்க்கு உணவளித்த செய்தி, பஞ்சம் பற்றிய நூல்களில் அன்றி அவருடைய வாழ்க்கை வரலாறுகளிலேயே கிடைக்கிறது.

ஒரே பொருள், பல அலமாரிகள்

தூயி பத்துமப் பகுப்பைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ்நாட்டு வரலாறு 954.82 என்னும் எண்ணிலும், பஞ்சமும் உணவுப் பற்றாக்குறையும் 363.8இலும், தமிழ் இலக்கியம் 894.811இலும் அமையும். வரலாற்று அலமாரியின் முன் மட்டும் நிற்கும் மாணவர், தம் பொருளுக்குரிய நூல்களில் ஒரு பகுதியையே காண்பார். தாது வருடப் பஞ்சத்தைப் பொறுத்தவரை மிகச் சிறந்த தமிழ் மூலங்கள் இலக்கிய அலமாரியில்தான் உள்ளன.

வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' 1899இல் வெளிவந்தது. பஞ்சத்தால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, இறைவனும் தம்மால் இயலாது எனச் சிவகங்கை மன்னருக்குத் திருமுகம் எழுதித் தருவதாக அமைந்த எள்ளல் நூல் அது. பசியும் விலையேற்றமும் வணிகரின் செயலும் அதில் பேசப்படுகின்றன. இதைச் சிற்றிலக்கியம் என வகைப்படுத்தி வைத்துவிட்டால் வரலாற்று மாணவரின் கைக்கு அது வராது. புலவர் செ. இராசு பதிப்பித்த 'பஞ்சக் கும்மிகள்' என்னும் தொகுப்பும் அத்தகையதே. கும்மி என்னும் சொல்லைக் கண்டு அதனை ஆடற்பாடல் என ஒதுக்குவோர் உளர். பஞ்சத்தை நேரில் அறிந்தவர்களின் குரலுக்கு இத்தகைய பாடல்களைவிட நெருங்கிய தமிழ்ச் சான்று அரிது.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். அரங்கநாதன், ஒரு நூலைப் பல முகங்களிலிருந்து அணுகும் வகையில் கோலன் பகுப்பை 1933இல் வெளியிட்டார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. அவர் பிறந்த மண்ணின் கிளை நூலகங்களில் ஒரு கும்மி நூலுக்குப் 'பஞ்சம்' என்னும் துணைத் தலைப்பு இடப்படாமல் இருப்பது வருந்தத்தக்கது.

அரசு ஆவணங்களைப் படித்தல்

ஆங்கில மூலங்களுள் மாணவர்க்கு முதலில் அறிமுகப்படுத்தத் தக்கவை மூன்று. ஒன்று, 1883இல் லெஃபானு தொகுத்து இரு தொகுதிகளாக வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடு. மற்றொன்று, வில்லியம் டிக்பி 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியப் பஞ்ச நிவாரண வரலாறு. மூன்றாவது, 1871, 1881ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகள்.

கணக்கெடுப்பின் பயனை ஓர் எண் காட்டும். சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். பத்தாண்டுகள் கழித்து 1881இல் அது ஏறத்தாழ 16 லட்சம். வளர வேண்டிய தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்துள்ளது. இவ்வெண்ணைக் கண்ட மாணவர் இத்தனை பேரும் பட்டினியால் மாண்டனர் என எழுதிவிடக் கூடும். அங்கே ஆசிரியர் குறுக்கிட வேண்டும். காலராவாலும் அம்மையாலும் இறந்தோர், இலங்கைத் தோட்டங்களுக்கும் பிற இடங்களுக்கும் பெயர்ந்தோர், பஞ்ச ஆண்டுகளில் பிறவாமல் போன குழந்தைகள் என இவ்வெண்ணுள் பல கூறுகள் உள்ளன. இந்தியா முழுமைக்குமான இறப்பு மதிப்பீடுகளும் 55 லட்சம் முதல் ஏறத்தாழ 1 கோடி வரை வேறுபடுகின்றன. எந்த நூல் எந்த எண்ணைத் தருகிறது என்று குறித்துவைக்கும் மாணவர், ஓர் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் எழுதும் மாணவரைவிட வரலாற்றை நெருங்கியவர்.

டிக்பியின் நூலில் பள்ளி மாணவர் படிக்கத்தக்க பகுதி, கூலியைப் பற்றிய விவாதம். 1877இன் தொடக்கத்தில் இந்திய அரசின் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் ஈடுபடுவோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை, அதாவது ஏறத்தாழ 450 கிராமை அடிப்படையாகக் கொண்ட குறைகூலியைப் புகுத்தினார். 1874இல் பீகாரில் தாராளமாகச் செலவிட்டார் என்று கண்டிக்கப்பட்டவர் அவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், மண் சுமக்கும் உடலுக்கு இவ்வளவு போதாது என எதிர்த்தார். சில மாதங்களில் மாகாண அரசு கூலியை உயர்த்தியது. இருவரும் ஒரே அரசின் அலுவலர்கள். 'ஆங்கிலேயர்' என்னும் ஒற்றைச் சொல்லால் ஆட்சியாளரை எல்லாம் குறிக்கும் செயல்திட்டத்தில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது. வீட்டுச் சமையலறைத் தராசில் 450 கிராம் அரிசியை நிறுத்துப் பார்ப்பதும் இச்செயல்திட்டத்தின் ஒரு பகுதியாகலாம்.

ஒளிப்படங்களைக் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. இப்பஞ்சத்தின் எலும்புந்தோலுமான மனிதர்களைப் படமெடுத்தவர் ஹூப்பர் என்னும் படை அலுவலர். இப்படங்கள் இணையத்தில் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின் படங்களாகவும் உலவுகின்றன. விளக்கக் குறிப்பும் எடுத்தவர் பெயரும் இல்லாத படத்தைச் செயல்திட்டத்தில் ஒட்டக் கூடாது என்னும் விதியை ஆசிரியர் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நலம்.

எங்கே தேடுவது

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம் ஆகியவை இப்பொருளுக்குரிய பெருங்களஞ்சியங்கள். மூன்றும் சென்னையில் உள்ளன. ஓசூரிலிருந்து ஒரு மாணவி ஒரு செயல்திட்டத்திற்காக அங்குச் செல்ல இயலாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழந்தமிழ் அச்சு நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். டிக்பியின் தொகுதிகளும் இணைய ஆவணக் களஞ்சியத்தில் உள்ளன. ஆயினும் மின்னூலகத்திலும் தேடுவது சொல்லைக் கொண்டுதான். 'வருடம்' என்று தட்டெழுதினால் 'வருஷம்' என்னும் தலைப்பு அகப்படாமல் போகக் கூடும். நூலகத்தில் தேடியபோது நேர்ந்ததே இணையத்திலும் நேர்கிறது.

தேடுசொல் தாள்

இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. செயல்திட்டத்தின் பொருளை அறிவிக்கும்போதே, தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் கூடி அரைப்பக்கத் தேடுசொல் தாள் ஒன்றைத் தரலாம். பஞ்சத்திற்கெனில் அதில் தாது, ஈசுவர, வருஷம், க்ஷாமம், கருப்பு, கஞ்சித்தொட்டி, கும்மி, சேலம் ஜில்லா, சரித்திரம் என்னும் சொற்களும் மேலே காட்டிய மூன்று பகுப்பெண்களும் இடம்பெறும். தமிழாசிரியரின் பங்கு இங்கு இன்றியமையாதது. சொல் வரலாறு அறிந்தவர் அவரே.

மாணவரும் தம் செயல்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில், எந்தச் சொற்களைக் கொண்டு தேடினார், எந்தச் சொல்லுக்கு எந்த நூல் கிடைத்தது, எந்தச் சொல்லுக்கு எதுவும் கிடைக்கவில்லை என எழுதித் தர வேண்டும். அப்பக்கத்திற்கும் மதிப்பெண் உண்டு என அறிவித்தால், கடையில் வாங்கிய படத்தாள் மட்டும் போதாதென்பதை மாணவர் உணர்வர். பயன் தராத சொற்களைத் தொகுத்து ஆண்டுக்கு ஒருமுறை கிளை நூலகருக்கு அனுப்பிவைத்தால், அவர் உரிய நூல்களின் பட்டியலில் அவற்றைத் துணைத் தலைப்புகளாகச் சேர்த்துவிடலாம். அடுத்த ஆண்டு வரும் மாணவி 'கிருஷ்ணகிரி பஞ்சம்' என்று தேடும்போது சேலம் கையேடும் கும்மித் தொகுப்பும் அவர் முன் வரும்.