பாத்ரூமை மாற்றலாம், காற்றை அடைக்கலாமா?



வீட்டில் பாத்ரூமை வேறு இடத்துக்கு மாற்றும்போது எல்லோரும் எதைப் பார்ப்பார்கள்? டைல்ஸ் என்ன கலர், கதவு எந்தப் பக்கம் என்றுதான். தரைக்குள்ளே போகிற பைப்பை யாரும் கவனிப்பதில்லை. தளம் போட்டு மூடிய பிறகு நாற்றம் அடித்தால் மறுபடியும் உடைக்கத்தான் வேண்டும். நாம் படித்த அழுத்தமும் விகிதமும் இதில் எப்படி வருகின்றன என்று பார்ப்போமா?

1. தண்ணீர்தான் பூட்டு

கழிவறைக் கோப்பைக்குக் கீழே பைப் நேராகப் போகாமல் வளைந்து போகும். இந்த வளைவுக்கு 'ட்ராப்' என்று பெயர். இதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். செப்டிக் டேங்கில் உண்டாகும் வாயு அந்தத் தண்ணீரைத் தாண்டி மேலே வர முடியாது. சுமார் 5 செ.மீ. தண்ணீர் நின்றாலே போதும். 1775-ஆம் ஆண்டு இப்படி வளைந்த பைப் உள்ள கழிவறைக்குக் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். அவர் ஒரு கடிகாரம் செய்பவர் என்பது ஆச்சரியம்!

குளிக்கிற இடத்தில் சல்லடை மூடிக்குக் கீழேயும் ஒரு ட்ராப் உண்டு. ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தால் பாத்ரூம் நாறுகிறதே, ஏன்? ட்ராப்பில் இருந்த தண்ணீர் ஆவியாகிவிடும். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

2. காற்றுக்கு எதற்குத் தனி பைப்?

எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுச் சாய்த்தால் 'குளுக் குளுக்' என்று விட்டு விட்டு வரும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக வரும். உள்ளே காற்று போனால்தான் எண்ணெய் வெளியே வரும். கழிவு பைப்பிலும் இதே கதைதான்.

ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றினால் பைப் நிறைந்து ஓடும். ஓடும்போது பின்னால் இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கே அழுத்தம் குறையும். வேறு வழியில் காற்று வராவிட்டால், ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டுப் போய்விடும். பூட்டு திறந்துவிடும், நாற்றம் உள்ளே வரும். கழிவறையில் தண்ணீர் ஊற்றும்போது குளிக்கிற இடத்து ட்ராப்பில் 'களக் களக்' என்று சத்தம் கேட்டால், காற்று போதவில்லை என்று அர்த்தம்.

அதனால்தான் கழிவு பைப்பிலிருந்து ஒரு பைப்பை மேலே கொண்டுபோய், கூரைக்கு மேல் திறந்து விடுகிறார்கள். இதுதான் வென்ட் பைப். இதன் வாய் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. மேலே தொப்பியும் கொசு வலையும் போட வேண்டும்.

3. எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கள் பாத்ரூம் கொல்லைக் கடைசியில் இருந்தது. அப்பத்தாவுக்கு முட்டி வலி. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதற்குப் பயந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டாங்க. அதனால் அப்பத்தா படுக்கும் அறையை ஒட்டியே புது பாத்ரூம் கட்டுவது என்று அப்பா முடிவு செய்தார். செப்டிக் டேங்க் பழைய இடத்திலேயே இருக்கும். அது 24 அடி தள்ளி இருந்தது.

"மண் தரை மட்டத்துலயே போட்டுடலாம்ணே, செலவு குறையும்" என்றார் கொத்தனார் மாமா. "சரிவு கிடைக்குமான்னு முதல்ல கணக்குப் போடுங்க" என்றார் பிளம்பர் அண்ணன். 4 இஞ்ச் பைப்புக்கு 40-க்கு 1 என்ற விகிதத்தில் சரிவு வைப்பது வழக்கமாம். நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன்.

24 அடி = 288 இஞ்ச்
288 ÷ 40 = 7.2 இஞ்ச்

டேங்கில் பைப் நுழையும் இடம் மண் தரைக்கு 12 இஞ்ச் கீழே இருந்தது. 12-இல் 7.2 போனால் மிச்சம் 4.8 இஞ்ச். அதில் பைப்பே 4 இஞ்ச்! அதற்கு மேல் வளைவும் வேண்டும், தளமும் போட வேண்டும். இடம் பத்தாது. ஆகவே பாத்ரூம் தரையை வீட்டுத் தரை உயரத்துக்கு, அதாவது ஒன்றரை அடி, தூக்கினார்கள். கூடுதல் உயரத்தை பாத்ரூமை ஒட்டியே நேராக இறக்கி, அங்கிருந்து டேங்க் வரை அதே சரிவில் பைப் போட்டார்கள். ஒரே சரிவாக ரொம்பச் செங்குத்தாகப் போட்டால் தண்ணீர் முன்னால் ஓடிவிடும், கழிவு பின்தங்கிவிடும். கொஞ்சம் செலவு கூடியது. ஆனால் அப்பத்தாவுக்கு ஏறி இறங்க ஒரு படி கூட இல்லை.

"மேல போற பைப்பு வெட்டிச் செலவு தானே?" என்று அப்பா கேட்டார். எண்ணெய் டின்னைச் சாய்த்துக் காட்டினேன். வென்ட் பைப்பும் வந்துவிட்டது.

4. தளம் போடும் முன் பார்க்க வேண்டியவை

* செங்குத்தாக 'எல்' போல் திருப்பாமல் இரண்டு சாய்வான வளைவாகத் திருப்ப வேண்டும்.
* திரும்பும் இடத்தில் திறந்து பார்க்க மூடியோ சேம்பரோ வேண்டும்.
* குளிக்கும் தண்ணீரை செப்டிக் டேங்கில் விடாமல் தனியாக வாழைக்கோ உறிஞ்சு குழிக்கோ விடலாம்.
* மூடும் முன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.
* பழைய பாத்ரூமின் பைப் வாயைச் சும்மா விடக் கூடாது. நன்றாக அடைக்க வேண்டும்.

5. மிக முக்கியம்!

செப்டிக் டேங்கில் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு வாயுக்கள் உண்டு. மீத்தேன் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல் நாறும். ஆனால் அதிகமானால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது, உயிரும் போய்விடும். பைப்பை மாற்றும்போது "அடைப்பைப் பார்க்கிறேன்" என்று யாரும் டேங்குக்குள் இறங்கக் கூடாது. நாம் கூலி கொடுத்து யாரையும் இறக்கவும் கூடாது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும்.

நினைவில் கொள்க: தண்ணிக்குச் சரிவு வேணும், காத்துக்கு வழி வேணும்!

சிந்திக்க ஒரு கேள்வி: டேங்க் 30 அடி தள்ளி இருந்தால் பைப் எத்தனை இஞ்ச் இறங்க வேண்டும்?
(விடை: 9 இஞ்ச்)

– 9-ஆம் வகுப்பு மாணவி