கல்யாண வீட்டில் பிளாஷ் ஓயக்கூடாது

புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட சகோதரர்களே! என் கடையில் பலர் விலை குறைந்த பற்றரியையே கேட்கிறார்கள். நிக்காஹ் மறுமுறை நடக்காது. பிளாஷ் ஓய்ந்தால் நஷ்டம் உங்கள் பெயருக்குத்தான்.

அல்கலைன் பற்றரி 1.5 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் 1.2 வோல்ட்தான். ஆனால் இதன் உள்தடை குறைவு. எனவே பிளாஷ் விரைவில் மீண்டும் தயாராகும். நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் செய்யலாம். 2005இல் சான்யோ அறிமுகப்படுத்திய எனலூப் வகை, மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் பெரிதாக இறங்காது.

நான்கு நான்காகப் பிரித்து இலக்கமிடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். ஐஎஸ்ஓவை 400இலிருந்து 1600க்கு உயர்த்தினால் பிளாஷின் கால்வாசி வலுவே போதும். ஏறக்குறைய நான்கு மடங்கு படம் எடுக்கலாம். கடற்காற்றில் முனைகள் துருப்பிடிக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள்.

சார்ஜருடன் இரண்டு தொகுதி வாங்குவது முதலீடு; கல்யாணத்துக்குக் கல்யாணம் புதிய பற்றரி வாங்குவது வீண்செலவு.