விலையை மழைக்கு முன்பே பேசலாம்

கேள்வி: தோட்டப் பாதையின் பக்கச்சுவர் மழைக்குச் சரியும்போதெல்லாம் டெண்டர் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா? – வாசகர், பசறை

பதில்: வேண்டியதில்லை. எவ்வளவு வேலை வரும் என்று தெரியாவிட்டாலும், கருங்கல் கட்டு ஒரு கன மீற்றருக்கு என்ன விலை, மண் அள்ள என்ன கூலி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துவிடலாம். சுவர் சரிந்த அன்றே வேலை ஆணை கொடுக்கலாம். அமெரிக்க அரசு இத்தகைய ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரருக்குக் குறைந்தபட்ச வேலைக்கு உத்தரவாதமும் தருகிறது. அது இல்லாமல் நம் மலைக்கு யார் நியாயமான விலை சொல்வார்கள்?

மண்சரிவில் வீடிழந்தவர்களுக்குப் புதிய வீடு கட்ட இது மட்டும் போதாது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்தது 2014 ஒக்டோபர் 29. அங்கு வீடிழந்தவர்களுக்கு மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டதோ 2016 ஒக்டோபரில்தான். இப்படித் தாமதமாகாதிருக்க, காணியும், அது பாதுகாப்பானது என்ற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்றும் முன்பே கையில் இருக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் இவற்றையும் சேர்த்தே கேளுங்கள்.